ஓய்வும் உரிமையே

தொழிலை நேசிப்பவனுக்குக் களைப்பில்லை என்று சொல்லக் கேட்கிறோம். சரித்திரம் வேறு கூறுகிறது. 1886இல் சிக்காகோத் தொழிலாளர் 8 மணி நேர வேலை கேட்டது உழைப்பை வெறுத்தல்ல. உழைத்த பின்னும் மனிதராய் வாழ்வதற்கே. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு அவ்வளவை ஆலைத் தொழிலுக்கு ஏற்றது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இலங்கையில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் கடை, காரியாலய ஊழியருக்கு நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது.

ஆனால் கட்டைபறிச்சான் வயலில் கதிர் அறுப்பவருக்கும், கொட்டியாரக் குடாவில் வலை வீசுபவருக்கும் அச்சட்டத்தில் இடமில்லை. வீட்டில் கொப்பி திருத்தும் ஆசிரியரின் இரவையும் அது எண்ணுவதில்லை. தொழிற்பற்று நமது செல்வம். அதையே சாட்டாக்கி நம் ஓய்வைப் பறிப்பது சுரண்டல். எண்ணப்படாத இம்மணிகளையும் எண்ணவைப்பதே நம்முன் எஞ்சியுள்ள பணி.