பதிப்பெண்ணும் கிளையும்

தமிழ் நூலுலகில் 'பதிப்பு' என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றினார். அதனோடு ஏடு தேடும் பணியை அவர் நிறுத்திவிடவில்லை. பின்னர்க் கிடைத்த ஏடுகளோடு ஒப்புநோக்கித் திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பை வெளிக்கொணர்ந்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன் எது முந்தியது, எது பிந்தியது என்பதை முகப்பேட்டிலிருந்தே அறிந்துகொள்வான். முதற்பதிப்பு பழமையுற்றதாயினும் அதனைப் படிப்பதற்குத் தடையேதும் இல்லை. தாள் இற்றுப்போகும்வரை எழுத்து எழுத்தாகவே நிற்கும்.

கணினி மென்பொருளுக்கும் பதிப்பெண் உண்டு. ஆயின் அங்கே அவ்வெண் சுமக்கும் பொறுப்பு பெரிது. ஒரு பதிப்பில் எழுதி வைத்ததை மற்றொரு பதிப்பில் திறக்க முடியாமற் போகலாம். திறந்தாலும் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தோன்றலாம். அதிலும், மூலநிரலை யாவரும் பார்க்கவும் திருத்தவும் உரிமை தரும் திறமூல மென்பொருளில், முன்பின் அறியாத பலர் பல நாடுகளிலிருந்து ஒரே நூலைத் திருத்திக்கொண்டே இருக்கின்றனர். எண் ஒழுங்கு இல்லையெனில் அங்கு எவருக்கும் எதுவும் விளங்காது.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை 1991 செப்டம்பரில் 0.01 என்னும் எண்ணோடு வெளியிட்டார். 'இஃது இன்னும் முழுமை பெறவில்லை' என்பதே முன்நின்ற சுழியின் பொருள். 1992 தொடக்கத்தில் 0.12 வரை வந்த எண், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஒரே தாவலில் 0.95 ஆயிற்று. முழுமை அண்மையில் இருப்பதாக அவர் நம்பினார் போலும். ஆனால் 1.0 வெளிவர மேலும் ஈராண்டுகள் பிடித்தன. 0.99க்கு மேல் எண்ணுக்கு இடமில்லாது போகவே, அதற்குள்ளேயே திருத்தப்படிகள் 15 வரை நீண்டன. அவசரப்பட்டுப் பெயர் சூட்டினால் நேரும் சங்கடத்துக்கு இதைவிடச் சுவையான சான்று கிடைப்பது அரிது.

1994 மார்ச்சில் 1.0 வந்தபின் ஒரு முறைமை பிறந்தது. இடையெண் இரட்டைப்படையாயின் அது நிலைபெற்ற கிளை. ஒற்றைப்படையாயின் அது வளர்ச்சிக் கிளை. 1.0, 1.2, 2.0, 2.2, 2.4 ஆகியவை மக்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கு, 1.1, 1.3, 2.1, 2.3, 2.5 ஆகியவை ஆராய்வோருக்கு. நாற்றங்காலும் நடவு வயலும் போன்ற ஏற்பாடு இது. புதிய வித்துகளை நாற்றங்காலில் இட்டுப் பார்ப்பர்; தேறியவற்றை வயலுக்குக் கொண்டு செல்வர். வயலில் நட்டபின் களை பறிக்கலாம், பூச்சியை அகற்றலாம். புதுவகை நெல்லை நடுவே கலக்கக்கூடாது. நிலைபெற்ற கிளையில் பிழைதிருத்தம் மட்டுமே அனுமதிக்கப்படும் என்னும் விதி இத்தகையதே.

இம்முறைமையின் குறை காலப்போக்கில் வெளிப்பட்டது. 2.4 வெளிவந்தது 2001 சனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்றாண்டுகள் புதிய வசதிகள் நாற்றங்காலிலேயே நின்றன. காத்திருக்கப் பொறாத வணிக நிறுவனங்கள் அவற்றைத் தாமே பிடுங்கிப் பழைய 2.4 கிளையில் ஒட்டுப்போட்டு விற்றன. ஒரே எண்ணைத் தாங்கிய இரு மென்பொருள்கள் ஒன்றாக இல்லை. 2004இல் ஒற்றை-இரட்டை வேறுபாடு கைவிடப்பட்டது. பிறகு இரண்டு மூன்று திங்களுக்கு ஒரு வெளியீடு என்னும் ஒழுங்கு வந்தது; 2.6.39க்கு அடுத்ததற்கு 2011இல் 3.0 என்று பெயரிட்டனர். எண் மிகப் பெருகிவிட்டது என்பதன்றி அப்பெயர் மாற்றத்துக்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. அச்சுக்கோப்பு மென்பொருளாகிய டெக்சை இயற்றிய டொனால்டு கனூத், மூன்றாம் பதிப்புக்குப்பின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வட்ட மாறிலியின் ஓர் இலக்கத்தைக் கூட்டி, 3.14, 3.141 என்று எண்ணிவருவது இன்னொரு போக்கு.

பினாங்கு மக்களுக்கு இத்தகைய எண்கள் முற்றிலும் புதியன அல்ல. பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை எழுந்து, இண்டெல் நிறுவனம் 1972இல் அங்குத் தொழிற்கூடம் அமைத்தது. எதிர்க்கரையில் செபராங் ஜெயாவை அடுத்த பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. சில்லின் வடிவமைப்பில் நேரும் திருத்தங்களை எழுத்தும் எண்ணும் சேர்த்து A என்றும் B என்றும் படிநிலைப்படுத்தும் வழக்கத்தை அங்குப் பணிபுரிந்தோர் அறிவர். ஆயினும் தமிழுக்கே உரிய பதிப்பெண் சிக்கல் சில்லில் எழவில்லை, எழுத்தில் எழுந்தது.

1990களில் இணையத்தில் தமிழ் எழுதியோர் எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை வைத்திருந்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அவரது எழுத்துருவையே தேடிப் பெறவேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உள்ளிட்ட பலர் கலந்துபேசித் திஸ்கி என்னும் பொதுக்குறிமுறையை உருவாக்கினர். அது மென்பொருளைப் போலவே 1.6, 1.7 என எண்ணிடப்பட்டு வளர்ந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் வேறு இரு குறிமுறைகளை ஏற்றது. ஒரு மரம் இரண்டாகக் கிளைத்தது. அக்கிளைகள் பின்னர் ஒன்றுசேரவே இல்லை.

திஸ்கியில் இகரத்துக்கு 173ஆம் இடம் தரப்பட்டிருந்தது. அதே இடம் ஐரோப்பியக் குறிமுறையில் கண்ணுக்குத் தெரியாத இணைகோட்டுக்கு உரியது. ஆகவே சில மென்பொருள்கள் இகரத்தை இணைகோடெனக் கருதி மறைத்துவிட்டன. 'இலக்கியம்' 'லக்கியம்' ஆயிற்று. பின்னர் இகரத்துக்கு 254ஆம் இடத்திலும் ஓர் இருக்கை தரப்பட்டது. பழைய கோப்புகளோ பழைய இடத்தையே சுட்டி நின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் தட்டெழுதிய இலக்கியங்களைத் திஸ்கியில் சேமித்து, பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிற்று. அம்மாற்றம் நிகழாதிருந்தால் அவ்வுழைப்பின் பெரும்பகுதி இன்று படிக்கவியலாத குறிகளாகக் கிடந்திருக்கும்.

ஒருங்குறியின் முதற்பதிப்பும் லினக்ஸ் பிறந்த அதே 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 61 இடங்கள் இருந்தன. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறிமுறையைத் தழுவி, வடமொழி எழுத்து வரிசைக்கு ஏற்ப அவை அமைக்கப்பட்டன. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு, கொரிய மொழியின் 6,656 அசையெழுத்துகளைப் பழைய இடத்திலிருந்து அகற்றி, 11,172 எழுத்துகளாகப் புதிய இடத்தில் குடியேற்றியது. பழைய கொரியக் கோப்புகள் பொருளற்றுப் போயின. அந்தப் பாடத்துக்குப்பின், ஒருமுறை இடம்பெற்ற எழுத்து இனி நகராது, நீங்காது, பெயரும் மாறாது என்று ஒருங்குறியார் உறுதிபூண்டனர்.

அவ்வுறுதி தமிழுக்கு இருமுனைக் கத்தியாயிற்று. இன்று எழுதும் கோப்பு நாளையும் படிக்கப்படும் என்பது ஒரு முனை. பிழையும் நிலைபெற்றுவிடும் என்பது மறுமுனை. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்த ஆய்தம், ஒருங்குறியில் 'விசர்க்கக் குறி' என்னும் பெயரோடு பதிவாகியுள்ளது. பிழை உணரப்பட்டும் பெயரைத் திருத்த வழியில்லை. 'ஆய்தம்' என்பது பக்கத்தில் ஒரு மறுபெயராகக் குறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்ற தமிழறிஞர் வேண்டுகோளும் இவ்வுறுதியின் முன் நின்றுவிட்டது. அவ்வேண்டுகோளின் வழி உருவான டேஸ்16 குறிமுறையைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறிக்கு மாற்றாக ஏற்றும், அது பரவலாக வழங்கவில்லை.

சேர்ப்பதற்குத் தடை இல்லை. 4.0 பதிப்பில், 2003இல், நாள், மாதம், ஆண்டு, வரவு, பற்று முதலிய எட்டுக் குறிகள் வந்தன. 2005இன் 4.1, தமிழ்ச் சுழியத்தையும் 'ஶ' எழுத்தையும் தந்தது, 2008இன் 5.1 ஓங்காரத்தைத் தந்தது. ஆக 72. இவற்றுள் 'ஶ' ஒரு விந்தையான சிக்கலை உடன் கொணர்ந்தது. அதற்கு முன் 'ஸ்ரீ' என்பது 'ஸ்' என்னும் எழுத்தைக் கொண்டு எழுதப்பட்டது. அதன் பின் 'ஶ்' என்பதைக் கொண்டும் எழுதப்படலாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே வடிவம். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் மறுவிதமாகவும் தட்டெழுதியிருப்பின், தேடுகையில் 'இல்லை' என்ற விடையே வரும். கண்ணெதிரே பெயர் இருக்கும்.

2019இல் வந்த 12.0 பதிப்பு, முந்திரி எனப்படும் முந்நூற்றிருபதில் ஒருபங்கு முதலான கீழ்வாயிலக்கங்களையும் பழைய அளவைக் குறிகளையும் சேர்த்து 51 புதிய இடங்கள் அளித்தது. பழங்கணக்கு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது பெரும்பேறு. ஆனால் அதற்கு முற்பட்ட பதிப்பைத் தழுவிய கணினியில் முந்திரியும் காணியும் வெற்றுக்கட்டங்களாகவே தோன்றும்.

இங்கேதான் கிளைகளின் ஆட்சி மீண்டும் தலைகாட்டுகிறது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பின் நிலைபெற்ற பதிப்பு ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. நாள்தோறும் மாறும் அதன் வளர்ச்சிக் கிளைக்குச் 'சிட்' என்று பெயர். கேடிஈ, குனோம் ஆகிய திரைச்சூழல்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்க்கு இவ்வேறுபாடு அன்றாட நடைமுறை. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னரே மூலத்தொடர்கள் மாற்றப்படாது உறையவைக்கப்படும்; அந்த இடைவெளிக்குள் மொழிபெயர்ப்பை முடித்தாகவேண்டும். முடியாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே நின்றுவிடும். பொருந்தாத கலைச்சொல் ஒன்றைக் கண்டு திருத்துபவர், அத்திருத்தத்தை வளர்ச்சிக் கிளையில் மட்டும் சேர்த்தால், பள்ளிக் கணினியில் உள்ள மாணவன் அடுத்த பெரும்பதிப்பு வரும்வரை பழைய சொல்லையே படிப்பான். ஆகவே கேடிஈ மொழிபெயர்ப்பாளர்க்கு இரு கோப்பகங்கள் உண்டு. ஒன்று வளர்ச்சிக் கிளைக்கு, மற்றது நிலைபெற்றதற்கு. ஒரே சொல்லை இரண்டிடத்தும் திருத்துகின்றனர்.