ஒரே வீட்டில் காசம்

காசநோய் பரம்பரையாக வருவது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. எலும்புருக்கி கண்ட குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்கினார்கள். 1882இல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டறிந்த பிறகு அந்த எண்ணம் மருத்துவ நூல்களிலிருந்து மெல்ல ஒதுங்கியது. ஒரே வீட்டில் நால்வருக்கு நோய் வர இருமலும் அடைத்த காற்றுமே போதும். ஆனால் கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. மற்ற ஒன்பது பேரும் ஏன் தப்பினார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. அங்கே 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குக் காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனையான சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீட்டிலும் அரைகுறைச் சாப்பாட்டிலும் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

எதிர்ப்பாற்றல் பற்றிய பெரிய அதிர்ச்சி செங்கல்பட்டு மாவட்டத்தில் காத்திருந்தது. 1968இல் அங்கே தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில், தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் உடலை முன்பே பழக்கியிருக்கலாம் என்பது பலர் சொன்ன விளக்கம்.

பரம்பரை என்ற பழைய பேச்சு மரபணுவின் வழியாகத் திரும்பி வந்தது. நுரையீரலில் பெருவிழுங்கி செல்கள் கிருமியை விழுங்கி, அதன் துணுக்குகளை எச்.எல்.ஏ. புரதங்களில் ஏந்தி டி செல்களுக்குக் காட்டுகின்றன. டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா பெருவிழுங்கிகளை உசுப்பிவிடுகிறது. மரபணுவால் அமையும் இந்த எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழுவினர், தென்னிந்திய நோயாளிகளிடம் எச்.எல்.ஏ.வின் டி.ஆர்.2 வகை கூடுதலாக இருப்பதை 1991இல் வெளியிட்டார்கள். சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் வைட்டமின் டி ஏற்பியின் மரபணு வேறுபாடுகளையும் ஆராய்ந்தார்கள். எதுவும் தனியாக நோயைத் தீர்மானிப்பதில்லை; டி.ஆர்.2 உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

குடும்பம் பகிர்வது காற்றையும் மரபணுவையும் மட்டுமல்ல, ஒரே உலையையும்தான். சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. முடிவு 2023இல் வெளிவந்தது.