இரண்டு பல்பும் ஒரு முள்ளும்

அமெரிக்காவில் டெரல் கிராஃப்ட் என்பவர் தொகுத்த எலக்ட்ரீஷியன் கையேடு ஒன்று உண்டு. பல பதிப்பு கண்ட புத்தகம். 250 வோல்ட்டுக்கு மேல் போகாத லைனில் கரண்ட் வருகிறதா என்று விரலால் தொட்டே பார்க்கலாம், ஃபியூஸ் போன இடத்தைக் கண்டுபிடிக்க அது வசதியான வழி என்று அதன் 1940-களின் பதிப்பில்கூட எழுதியிருந்தது. காலிங் பெல் மாதிரி சின்ன வோல்ட்டேஜ் என்றால் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கச் சொன்னது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுத்த காலத்தில் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள். "உங்க ஊர்ல ஸ்டார்ட்டர் பெட்டியப் புறங்கையால தொட்டுப் பார்க்கற ஆளே இல்லீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். புறங்கை என்பதற்குக் காரணம் உண்டு. ஷாக் அடித்தால் தசை சுருங்கும். உள்ளங்கை என்றால் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாடத்தை யாரோ எவ்வளவு விலை கொடுத்துக் கற்றார்களோ.

கோயமுத்தூருக்குப் பைக்காரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரிலேயே மோட்டார் செய்தார்கள். கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் வந்ததும், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவது தனித்தொழிலாகவே ஆகிவிட்டது. 1970-களில் சிங்காநல்லூர்ப் பக்கம் அப்படி ஒரு கடையில்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். காயில் கட்டிய பிறகு இன்சுலேஷன் பார்க்கக் கையால் சுற்றும் மெகர் ஒன்று இருந்தது. மல்டிமீட்டர் கிடையாது. தோட்டத்துக்குப் போனால் பையில் இருப்பது கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்ட் லேம்ப்.

டெஸ்ட் லேம்ப் என்றால் இரண்டு ஹோல்டர், இரண்டு குண்டு பல்பு, இரண்டு வயர். பல்பு இரண்டையும் சீரிஸில் போட்டிருப்போம். ஒற்றை பல்பு 230 வோல்ட்டுக்கானது. ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே வைத்தால் 415 வோல்ட் ஏறி முகத்துக்கு நேரே வெடிக்கும். இரண்டும் ஒரே வாட்டாக இருக்க வேண்டும். நாற்பதையும் நூறையும் சேர்த்துப் போட்டால் வோல்ட்டேஜ் சரிபாதியாகப் பிரியாது. பெரும்பங்கு நாற்பதின் தலையில் விழும், அது போய்விடும். எங்கள் மேஸ்திரிக்கு ஓம் விதி தெரியாது. ஆனால் ஹோல்டரில் பல்பு மாட்டுவதற்கு முன் எழுத்தைப் படித்துப் பார்க்காத பையனுக்கு அன்றைக்கு அவரிடமிருந்து டீ கிடையாது.

அவருடைய இன்னொரு சட்டம்தான் இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மெயினை இறக்கிவிட்டு, லைனில் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்ய டெஸ்ட் லேம்பை வைக்கிறோம். பல்பு எரியவில்லை. "எரியலீங்க" என்றால் போதாது. "எரியலயா, எரிய முடியலயா? போய் அந்தப் பக்கம் வச்சுப் பாரு கண்ணு" என்பார். உயிருள்ள லைனில் வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். மறுபடியும் உயிருள்ள லைனுக்குப் போய் வைக்க வேண்டும். நடுவில் இழை அறுந்திருந்தால் செத்த பல்பும் செத்த லைனும் ஒரே மாதிரிதான் இருக்கும். பல்பு அடிக்கடி போகும் சாமான் என்பதால் அதை யாரும் நம்பவில்லை. நம்பாததால் மூன்று தரம் பார்த்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பாதுகாப்பு விதிகளில் இதே மூன்று படிதான் இருக்கிறது.

அடுத்து வந்தது பேனா மாதிரி சட்டைப் பையில் செருகும் நியான் டெஸ்டர். உள்ளே சின்ன நியான் விளக்கு. அதோடு பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர். நம் உடம்பும் அந்தச் சர்க்யூட்டில் ஓர் அங்கம். கரண்ட் கொஞ்சமாகத்தான் போகும் என்பதால் ஷாக் தெரியாது. ஆனால் உச்சிவெயிலில் தோட்டத்து ஸ்டார்ட்டரில் வைத்தால் வெளிச்சமும் தெரியாது. ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் மங்கிவிடும். வீட்டில் நியூட்ரல் அறுந்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்து குழப்பும். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். போன ஃபேஸிலும் அந்த லைனில் ஓடும் மற்ற மோட்டார்களின் காயில் வழியாகக் கரண்ட் திரும்பி வரும், டெஸ்டர் மூன்றிலும் எரியும். "மூணும் வருதுங்க" என்று விவசாயி ஸ்டார்ட்டரைப் போடுவார். மோட்டார் உறுமும், புகையும், எங்கள் கடைக்கு வரும். உண்மையைச் சொன்னால் அந்த டெஸ்டர் பல காயில் கடைகளுக்குச் சோறு போட்டது.

மல்டிமீட்டரின் கதை தொடங்குவது டெலிபோன்காரர்களிடம். பிரிட்டிஷ் தபால் துறையில் இன்ஜினியராக இருந்த டொனால்ட் மெக்கேடி, லைனைச் சோதிக்க ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனி மீட்டர்களைச் சுமந்து அலுத்துப்போய் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. பெயர் ஏவோ. முதல் மாடல் டிசி மட்டும்தான் அளந்தது. 1951-ல் வந்த எட்டாம் மாடல்தான் பேர் பெற்றது. அதன் உற்பத்தி 2008 வரை ஓடியது. கடைசியாக அதைச் செய்தது, எங்கள் கடையில் கையால் சுற்றிக்கொண்டிருந்தோமே, அதே பெயர் கொண்ட மெகர் நிறுவனம்.

நான் ஏவோவைப் பார்த்தது ஒரு மில்லின் எலக்ட்ரிகல் டிபார்ட்மென்டில். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஃபோர்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். முகப்பில் இரண்டு பெரிய திருகு. இடது டிசிக்கு, வலது ஏசிக்கு. ஸ்கேலுக்கு அடியில் கண்ணாடிப் பட்டை. முள்ளும் அதன் நிழலும் ஒன்றாகத் தெரியும்படி நேராகப் பார்த்துப் படிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அதிலிருந்த கட்-அவுட் பொத்தான். தவறான ரேஞ்சில் வைத்து முள் கடைசிவரை ஓடி முட்டினால், அந்த முட்டலிலேயே பொத்தான் வெளியே தெறித்து சர்க்யூட்டைத் துண்டிக்கும். மனிதன் தவறு செய்வான் என்று எண்ணி வடிவமைத்த கருவி. ஆனாலும் அது காப்பாற்றியது பெரும்பாலும் மீட்டரைத்தான். பெரிய ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டை அறுக்கும் வலு அந்தப் பொத்தானுக்குக் கிடையாது.

பின்னால் ஜப்பானின் சான்வா, நம் நாட்டின் மோட்வானே என்று முள் மீட்டர்கள் கடைகளுக்கு வந்தன. ஓம் ரேஞ்சில் காயிலைப் பார்த்துவிட்டு அப்படியே கொண்டுபோய் லைனில் வைத்துப் புகைய விடுவது அன்றாடக் காட்சி. அதனால்தான் வேலை முடிந்தால் திருகை ஏசியின் உச்ச ரேஞ்சில் விட்டுவிட்டு மூடு என்ற வழக்கம் வந்தது. இந்த மீட்டர்களுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: முள் எங்கே போகும் என்று முன்கூட்டியே மனதில் வைத்திருந்தால்தான் ரேஞ்ச் போடவே முடியும். தெரியாமல் அளக்க வழியில்லை.

எண் வந்தபோது அது போய்விட்டது. 1977-ல் அமெரிக்காவின் ஃப்ளூக் நிறுவனம் 8020ஏ என்ற, கையில் அடங்கும் டிஜிட்டல் மீட்டரைக் கொண்டுவந்தது. அருமையான கருவிதான். பின்னாளில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து மஞ்சள் நிற 830 வகை மீட்டர்கள் எல்லா ஊருக்கும் பரவின. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். பக்கத்து வயரின் தூண்டலால் செத்த வயரிலேயே ஐம்பது, அறுபது வோல்ட் காட்டும். "சார், ஆஃப் பண்ணியும் கரண்ட் வருது" என்று பையன்கள் ஓடி வருவார்கள். அதே வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரியாது. இது பயமுறுத்தும் பொய், பரவாயில்லை. பேட்டரி இறங்கிப் போயோ லீட் உள்ளே அறுந்தோ சுழியம் காட்டினால் அது ஆளைக் கொல்லும் பொய். பல்பை நம்பாத மனிதன், திரையில் எண் தெரிந்ததும் நம்பிவிடுகிறான். மேஸ்திரியின் மூன்று படியை நான் அதிகம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது இந்த மஞ்சள் மீட்டருக்குத்தான்.

அந்த மஞ்சள் மீட்டரின் வலதுபக்கம் மூன்று குழி இருக்கும். ஒன்றின்மேல் 10 ஆம்பியர், ஃபியூஸ் கிடையாது என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு. சிவப்பு லீடை அதில் செருகி ஆம்பியர் பார்த்துவிட்டு, மறந்து வோல்ட் பார்க்கப் போனால், இரண்டு ஃபேஸை வெறும் கம்பியால் இணைத்தது போலத்தான். திருகு வோல்ட்டில் இருந்தாலும் பயனில்லை, குழிதான் கணக்கு. வீட்டுச் சுவரில் என்றால் எம்.சி.பி. விழுந்துவிடும். தோட்டத்துப் பக்கத்து 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் என்றால் ஏறத்தாழ 3000 ஆம்பியர் பாயும். மெல்லிய லீட் ஆவியாகும். அந்த ஆவியே தீப்பிழம்பாக ஆளின் கையையும் முகத்தையும் பற்றும்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1990-ல் வெளியிட்ட 1010 தரம் இதற்கு அடுத்த பெரிய மாற்றம். மீட்டரில் கேட் 2, கேட் 3 என்று போட்டிருப்பார்களே, அது அதிலிருந்து வளர்ந்தது. கேட் 2 என்றால் சுவர் பிளக்கில் செருகும் சாமான். கேட் 3 கட்டடத்தின் பேனல் போர்டு. கேட் 4 கம்பத்திலிருந்து கட்டடத்துக்கு வரும் லைன். இடி, ஸ்விட்சிங் ஆகியவற்றால் ஒரு நொடிப்பொழுது எகிறும் வோல்ட்டேஜை மீட்டர் தாங்குமா என்பதே இங்கே கேள்வி. கடையில் வாடிக்கையாளர் 1000 என்ற எண்ணைப் பார்த்து வாங்குவார். கேட் 2, 1000 வோல்ட் மீட்டரையும் கேட் 3, 600 வோல்ட் மீட்டரையும் 6000 வோல்ட் அதிர்வு கொடுத்துத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் முதலாவதன் சோதனையில் மூலத்தின் தடை 12 ஓம், இரண்டாவதில் 2 ஓம். அதாவது ஒன்றில் 500 ஆம்பியர், மற்றதில் 3000 வரை பாயும். பேனல் போர்டுக்கு 600 எழுதியதே வலுவானது.

பிரிட்டனில் பணிப் பாதுகாப்புத் துறை, லீட் முனையில் தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. எங்கள் டெஸ்ட் லேம்ப் வயரில் அரை அங்குலம் சீவியிருப்போம். அதை இன்று நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வோல்ட் மட்டும் காட்டும் இருமுனை டெஸ்டர்கள் இப்போது கிடைக்கின்றன. லைன் செத்ததா என்று பார்க்க அதுவே போதும், ஆம்பியர் குழி தொல்லையும் இல்லை. மல்டிமீட்டர்தான் வேண்டும் என்றால், கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இல்லாமல், மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் போட்டதாக வாங்குங்கள். ஒரு ஃபியூஸின் விலைக்கே இரண்டு மஞ்சள் மீட்டர் வாங்கலாம் என்று கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

லேபுக்கு நல்ல மீட்டர் வாங்கப் பணம் இல்லாத வருஷங்களில் மஞ்சள் மீட்டரைத்தான் பையன்கள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றிலும் 10 ஆம்பியர் குழியை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். ஆண்டு இருப்பைச் சரிபார்க்க வந்தவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் "சேதம்" என்று எழுதினார். பக்கத்தில் காரணம் எழுத இடம் இருந்தது. "வேண்டுமென்றே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.