ஹோண்டா பைக் வளைவுகளில் தடுமாறியது ஏன்? மோட்டோஜிபி சரிவின் பின்னணி

மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்சநிலையான மோட்டோஜிபி உலக சாம்பியன்ஷிப்பில், 2013 முதல் 2019 வரையிலான 7 பருவங்களில் 6 முறை வீரர் பட்டம் ஹோண்டாவுக்குக் கிடைத்தது. அதே நிறுவனம் 2022, 2023, 2024 ஆகிய 3 ஆண்டுகளிலும் தயாரிப்பாளர் தரவரிசையில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. இந்தச் சரிவுக்கு இயந்திரத்தின் ஆற்றலைவிட, வளைவுகளில் பைக்கைக் கட்டுக்குள் வைத்திருக்க இயலாமல் போனதே முதன்மைக் காரணமாகும்.

கையாளுமை என்பது என்ன?

மோட்டோஜிபி பைக்குகள் நேர்ப்பாதையில் மணிக்கு 350 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் சீறுகின்றன. வளைவுகளில் அவை 60 பாகைக்கும் மேல் சாய்கின்றன. அப்போது டயரின் மிகச் சிறிய பகுதி மட்டுமே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வீரர் பிரேக்கை அழுத்தும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்கிறது. வளைவின் நடுவில் அது இரு சக்கரங்களுக்கும் பகிரப்படுகிறது. வளைவிலிருந்து வெளியேறி வேகமெடுக்கையில் பின்சக்கரத்துக்குச் செல்கிறது. இந்த மூன்று கட்டங்களிலும் டயரின் பிடிமானம் எந்த எல்லையில் உள்ளது என்பதை வீரர் உடலால் உணர வேண்டும். சட்டகத்தின் விறைப்பு, சக்கரங்களுக்கு இடையிலான தூரம், எடைப் பகிர்வு, சஸ்பென்ஷன், காற்றியக்க இறக்கைகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த உணர்வைத் தீர்மானிக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும்.

வெற்றி மறைத்த குறை

ஹோண்டாவின் ஆர்சி213வி பைக், முன்சக்கரத்தை நம்பி வளைவுக்குள் நுழையும் தன்மை கொண்டதாக வளர்ந்தது. ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கேஸ் மிகத் தாமதமாகப் பிரேக் பிடித்து, முன்சக்கரம் வழுக்கினாலும் முழங்கை, முழங்கால்களால் தரையை ஊன்றி மீள்வதில் வல்லவர். எனவே அவர் கைகளில் அந்த பைக் வென்றது.

ஆனால் மற்ற வீரர்களுக்கு அது எளிதில் வசப்படவில்லை. 2019-ஆம் ஆண்டில் மார்க்கேஸ் 420 புள்ளிகளுடன் பட்டம் வென்றபோது, ஹோண்டாவின் அடுத்த சிறந்த வீரரான கால் கிரட்ச்லோ 133 புள்ளிகளே பெற்றார். மூன்று முறை மோட்டோஜிபி சாம்பியனான ஹோர்ஹே லொரென்சோ 28 புள்ளிகளுடன் அந்தப் பருவத்தை முடித்து ஓய்வுபெற்றார்.

திருப்புமுனையான 2020

2020 ஜூலையில் ஹெரெஸ் பந்தயத்தில் மார்க்கேஸின் வலது மேற்கை எலும்பு முறிந்தது. அதே ஆண்டில், அனைத்து அணிகளுக்கும் டயர் வழங்கும் மிஷெலின் நிறுவனம் கூடுதல் பிடிமானம் கொண்ட புதிய பின்டயரை அறிமுகப்படுத்தியது. பின்சக்கரத்தின் பிடி கூடினால் அது முன்சக்கரத்தை வளைவின் வெளிப்புறமாகத் தள்ளும். முன்சக்கரத்தையே சார்ந்திருந்த ஹோண்டாவுக்கு இது பாதகமானது. அப்பருவத்தில் ஹோண்டா ஒரு பந்தயத்தில்கூட வெல்லவில்லை.

இதற்குத் தீர்வாக, 2022-இல் பின்சக்கரத்துக்குக் கூடுதல் எடை செல்லும் வகையில் பைக் முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்டது. இதனால், வீரர்கள் நம்பியிருந்த முன்சக்கர உணர்வு குறைந்தது. 2022 ஜூனில் ஜெர்மனியின் சாக்சன்ரிங் பந்தயத்தில் ஹோண்டா வீரர் ஒருவர்கூடப் புள்ளி பெறவில்லை. சுமார் 40 ஆண்டுகளில் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை.

வீரர்கள் கொடுத்த விலை

கையாளுமைக் குறையின் சுமையை இறுதியில் வீரர்களின் உடலே தாங்குகிறது. வளைவின் வெளியேற்றத்தில் இழக்கும் நேரத்தை ஈடுசெய்ய, அவர்கள் நுழைவில் மேலும் தாமதமாகப் பிரேக் பிடிக்க நேர்ந்தது. முன்சக்கரம் முன்னறிவிப்பின்றி வழுக்கியபோது விழுந்தனர்.

2023-இல் தனக்கு மிகவும் பிடித்தமான சாக்சன்ரிங்கில் மார்க்கேஸ் ஒரே வார இறுதியில் 5 முறை விழுந்து, பந்தயத்திலிருந்து விலகினார். அந்த ஆண்டு முழுவதும் அவர் 29 முறை விழுந்தார். அமெரிக்காவின் ஆஸ்டினில் ஹோண்டாவுக்கு வெற்றி தேடித்தந்த அலெக்ஸ் ரின்ஸ், அடுத்த சில வாரங்களில் முஜெல்லோவில் கால் முறிந்து நீண்டகாலம் களமிறங்க இயலவில்லை.

இந்தியாவில் இதுவரை நடைபெற்ற ஒரே மோட்டோஜிபி சுற்றான 2023 கிரேட்டர் நொய்டா பந்தயத்தின் ஸ்பிரிண்ட் போட்டியில் மார்க்கேஸ் 3-ஆம் இடம் பிடித்தார். எனினும், அந்தப் பருவத்தின் முடிவில் ஒப்பந்தக் காலம் எஞ்சியிருந்தபோதே அவர் ஹோண்டாவிலிருந்து விலகினார். 2025-இல் டுகாட்டி பைக்கில் மீண்டும் உலக சாம்பியன் ஆனார்.

டுகாட்டி முந்தியது எப்படி?

2022 முதல் 2024 வரை டுகாட்டியின் 8 பைக்குகள் களத்தில் இருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் 8 வீரர்களின் தரவுகள் கிடைத்ததால், எந்த மாற்றம் பைக்கின் தன்மையால் பயனளித்தது, எது ஒரு வீரரின் தனித்திறமையால் பயனளித்தது என்று பிரித்தறிய முடிந்தது. காற்றியக்க இறக்கைகள், பைக்கின் உயரத்தைத் தாழ்த்தும் கருவி ஆகியவற்றிலும் அந்நிறுவனமே முன்னோடியாக இருந்தது. 2024-இல் நடந்த 20 பந்தயங்களில் 19-ஐ டுகாட்டி வென்றது.

மீட்சியின் அறிகுறிகள்

2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய சலுகை முறையின்படி, பின்தங்கிய ஹோண்டாவும் யமஹாவும் 'டி' பிரிவில் வைக்கப்பட்டன. பந்தய வீரர்களைக் கொண்டே கூடுதல் சோதனைகள் நடத்தவும், பருவத்தின் நடுவில் இயந்திர வடிவமைப்பை மாற்றவும் அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரிலியாவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ரோமானோ அல்பெசியானோ 2025 பருவத்துக்காக ஹோண்டாவில் இணைந்தார்.

2025 மே மாதம் மழை பெய்த பிரான்ஸ் பந்தயத்தில் யோஹான் சார்க்கோ வென்றார். இது 2 ஆண்டுகளுக்குப் பின் ஹோண்டா பெற்ற முதல் வெற்றி. அப்பருவத்தின் இறுதியில் அந்நிறுவனம் 'சி' பிரிவுக்கு முன்னேறியதால், சில சலுகைகளை இழந்தது.

2027 முதல் இயந்திரக் கொள்ளளவு 1,000 சிசியிலிருந்து 850 சிசியாகக் குறைகிறது. டயர் வழங்கும் பொறுப்பு பிரெல்லி நிறுவனத்துக்குச் செல்கிறது. பைக்கின் உயரத்தைத் தாழ்த்தும் கருவிகளுக்கும் தடை வருகிறது. எனவே, எடைப் பகிர்வையும் டயர் பிடிமானத்தையும் பற்றிய கணக்குகளை அனைத்து நிறுவனங்களும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு வீரருக்கு மட்டும் பொருந்தாமல், பலரும் நம்பி ஓட்டக்கூடிய பைக்கை உருவாக்குவதே ஹோண்டாவின் முன்னுள்ள சவாலாகும்.