எரிபொருளும் பங்கும்: 1991இல் எழுந்த ஒரு விவாதம்

1991 சனவரி 17இல் ஈராக்கின்மீது குண்டுவீச்சு தொடங்கியது. பிலிப்பைன்சிலிருந்து வளைகுடா நோக்கிச் சென்ற அமெரிக்கப் படைப் போக்குவரத்து விமானங்கள் பம்பாய், ஆக்ரா, சென்னை ஆகிய இடங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளச் சந்திரசேகர் அரசு இசைவளித்திருந்தது. திருவண்ணாமலைக்குப் பாக்தாத் வெகுதொலைவு. மீனம்பாக்கமோ அரைநாட் பயணமே.

செய்தி வெளியானதும் எதிர்ப்பு மூண்டது. அரசை வெளியிலிருந்து தாங்கிய காங்கிரசின் தலைவர் இராஜீவ் காந்தியே அதனைக் கண்டித்தார். அரசின் நிலையும் எளிதன்று: அந்நியச் செலாவணி வற்றியிருந்தது, பன்னாட்டு நிதியத்தின் கடன் தேவைப்பட்டது, ஐ.நா.வின் 678ஆம் தீர்மானமும் படைவலிமைக்கு இடந்தந்திருந்தது. ஆயினும் பிப்ரவரியில் எரிபொருள் வழங்கல் நின்றது.

குண்டு வீசாமல் எண்ணெய் மட்டும் கொடுத்தவன் போரில் சேர்ந்தவனா? 1 சாமுவேல் 30ஆம் அதிகாரம் இதற்கு விடை கூறுவதாகவே நாம் கருதுகிறோம். பேசோர் ஆற்றண்டை விடாய்த்துத் தங்கி, ரஸ்துக்களைக் காத்த இருநூறு பேருக்கும் கொள்ளையில் சமபங்கு என்று தாவீது கட்டளையிட்டான். பின்னணியில் ஊழியஞ்செய்வோரைத் தேற்றவே இப்பகுதியை நாம் பிரசங்கிப்பது வழக்கம். கொள்ளையில் பங்குண்டாயின் இரத்தப்பழியிலும் பங்குண்டு என்னும் மறுபக்கத்தை எடுத்துரைப்போர் அரியர்.

2003இல் அதே ஈராக்கிற்கு இந்தியத் துருப்புகளை அமெரிக்கா வேண்டிற்று. நெடிய விவாதத்திற்குப்பின் சூலை 14இல் வாச்பாய் அரசு மறுத்தது. ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லை என்பதே அரசு கூறிய காரணம். 1991இல் அவ்வாணை இருந்தது. இருந்தும் எதிர்ப்பு எழுந்தது.