உள்ளாட்சித் தேர்தலில் பேராசிரியர்கள்

ஆட்சியியல், பொருளியல், பொதுக்கொள்கை ஆகியவற்றைக் கற்பிப்பவர்கள் நகராட்சி, ஊராட்சிப் பதவிகளுக்குப் போட்டியிடும் வழக்கம் இந்தியாவில் நூறாண்டுக்கு மேற்பட்டது. ஆனாலும் அது வேரூன்றவில்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கல்லூரி ஆசிரியர்கள் பலர் போயிருக்கிறார்கள். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்த க. அன்பழகன் தமிழகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு. குடிநீர்க் குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் பொறுப்பேற்கும் வார்டு உறுப்பினர் பதவியை நாடியவர்கள் மிகச் சிலரே. காரணம் ஆர்வக்குறைவு மட்டுமல்ல. பணி விதிகளும், உள்ளாட்சி மன்றங்களின் கையில் இருக்கும் அதிகாரத்தின் அளவும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நீலகிரி மாவட்டம் பொருத்தமான களம்.

சென்னை மாகாணத்தின் 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1866இல் உதகமண்டலமும் குன்னூரும் நகராட்சிகளாயின. அந்நாளில் மன்றத்தில் அமர்ந்தவர்கள் நியமனம் பெற்றவர்கள். பெரும்பாலும் அதிகாரிகளும் ஐரோப்பியச் சொத்துடைமையாளர்களும். 1882 மே மாதம் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. நிர்வாகத் திறமை உடனே கூடிவிடும் என்று ரிப்பன் எதிர்பார்க்கவில்லை. மக்களுக்கு அரசியல் பயிற்சி தரும் பள்ளியாகவே உள்ளாட்சியைக் கருதினார். அந்தப் பள்ளிக்குள் ஆசிரியர் ஒருவரே மாணவராக நுழைந்ததற்கு இந்தியாவில் கிடைக்கும் சிறந்த முன்மாதிரி கோபால கிருஷ்ண கோகலே.

புனே பெர்குசன் கல்லூரியில் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்து, பின்னர் வரலாற்றுக்கும் அரசியல் பொருளாதாரத்துக்கும் பேராசிரியராக இருந்த கோகலே, 1902இல் கல்லூரிப் பணியிலிருந்து விலகினார். அதையொட்டிய ஆண்டுகளில் புனே நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். வைஸ்ராயின் சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாகப் பிரித்து அவர் ஆற்றிய உரைகளைத்தான் வரலாற்று நூல்கள் பெரிதும் பேசுகின்றன. அதே மனிதர் நகராட்சிக் கணக்கையும் பார்த்தார் என்பது குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. 1905இல் அவர் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமைக்குப் பின்னாளில் வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அவரும் ஆசிரியரே, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில், கல்லூரியிலிருந்து நகராட்சிக்குப் போகும் இந்தப் பயணம் தலைகீழாக நடந்தது. 1915இல் அங்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்கு முன்பே லண்டனின் ஊலிச் பகுதியில் 1905-06ஆம் ஆண்டுக்கு மேயராக இருந்தவர். பிறகு ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வரானார். சென்னைக்கு வந்த உடனே தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி, கிணறு, வீடு ஆகியவற்றைப் பற்றி விவரம் திரட்டச் செய்தார். 1918இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய தொகுப்பு அதன் விளைவு. இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், தூசி, வடமலைபுரம் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. 1936-37இல் இதே ஊர்கள் மறுபடி ஆராயப்பட்டன. பின்வந்த தலைமுறைகளும் அவற்றுக்குத் திரும்பிச் சென்றன. ஒரு நகரத்தை நடத்திப் பார்த்தவருக்குத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு இயல்பாக வந்தது என்று கருத இடமுண்டு.

நீலகிரியில் கல்லூரிப் படிப்புப் பொதுவாழ்வுக்கு வந்த வழி வேறு. படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரியான ஆரி கவுடர், மலை ரயில்பாதை வேலையில் ஒப்பந்தக்காரராக இருந்த பெள்ளி கவுடரின் மகன். அவர் பேராசிரியர் அல்லர். ஆனால் கொள்கையையும் ஊர்த்தேவையையும் ஒருசேரக் கையாண்டதில் இந்த மலையில் அவருக்கு இணை சொல்வது கடினம். மாகாணச் சட்டமன்றத்தில் மாவட்டத்தின் குரலாக இருந்ததோடு, 1935இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தையும் வளர்த்தார். மேட்டுப்பாளையம் மண்டியில் வியாபாரி சொன்ன விலைக்கு உருளைக்கிழங்கைக் கொடுத்துவிட்டு வந்த விவசாயிக்கு அந்தச் சங்கம் ஒரு மாற்றுவழி தந்தது. படுகப் பெண்களில் முதல் பட்டதாரியான அக்கம்மா தேவி 1962இல் நீலகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார்.

விடுதலைக்குப் பின் தமிழகத்தில் கல்லூரிக்கும் வார்டுக்கும் நடுவே நின்றது அரசு ஊழியர் நடத்தை விதி. அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். கட்சியில் சேரக்கூடாது, தேர்தலில் நிற்கக்கூடாது. ஊட்டி அரசு கலைக் கல்லூரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவை ஒட்டி 1955 முதல் இக்கல்லூரி இயங்குகிறது. மலையின் ஆட்சி தொடங்கிய அதே வளாகத்தில் இன்று ஆட்சி முறையைக் கற்பிப்பவருக்கு, வெளியே இருக்கும் வார்டில் ஓட்டுப் போட மட்டுமே உரிமை உண்டு. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் ஊராட்சி மன்றங்களில் அமர்வது நெடுங்காலம் சாதாரணமாக இருந்தது. கூடலூரிலிருந்து எல்லை தாண்டி வயநாட்டுக்குப் போனவர் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் கண்டிருப்பார்.

கேரளத்தில் கல்வியாளர்களின் பங்கு தேர்தலோடு நிற்கவில்லை. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஐசக், திட்டக்குழு உறுப்பினராக 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போனது. அவர் பின்னாளில் சட்டமன்றத்துக்கும் நிதியமைச்சர் பதவிக்கும் போனாரே தவிர, ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமரவில்லை. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பொதுக்கொள்கை மையத்தில் இருந்த ராஜீவ் கவுடாவும் மாநிலங்களவைக்கே சென்றார். தமிழகத்தில் இதற்கு நேர்மாறான ஒருவர் உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருந்த ரங்கசாமி இளங்கோ, வேலையை விட்டுத் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்துக்குத் திரும்பி, 1996இலும் 2001இலும் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலித் குடும்பங்களும் பிறரும் ஒட்டிய வீடுகளில் வாழும் சமத்துவபுர அமைப்பை அங்கே செயல்படுத்திக் காட்டினார்.

தமிழர் மரபில் வந்தவர்களில், பொருளியல் கற்பித்துக்கொண்டே நகர மன்றத்துக்கு நின்று வென்றவர் என்று சொல்லத்தக்கவர் க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்து, அமெரிக்காவில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சியாட்டில் சென்ட்ரல் கல்லூரியில் பாடம் நடத்திவந்த அவர், 2012இல் மாநில அவைத் தேர்தலில் தோற்றார். 2013இல் சோசலிஸ்ட் மாற்று அமைப்பின் வேட்பாளராக சியாட்டில் நகர மன்றத்துக்குப் போட்டியிட்டு, நான்கு முறை வென்றிருந்த ரிச்சர்ட் கான்லினைத் தோற்கடித்தார். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்பதே அவருடைய முழக்கம். 2014 ஜூனில் மன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் படிப்படியாக உயர்த்துவது, பெரிய நிறுவனத்துக்கும் சிறிய கடைக்கும் வெவ்வேறு கெடு என்று அது சமரசங்களோடு வந்தது. 2021இல் அவரைப் பதவி நீக்கக் கோரிய வாக்கெடுப்பில் மயிரிழையில் தப்பினார். 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் ஆனதற்கும் அவர் கொண்டுவந்த முன்மொழிவே காரணம். அவ்வாண்டு இறுதியில் மன்றத்தை விட்டு விலகினார்.

சியாட்டில் மன்றத்துக்குக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் இருந்தது. நீலகிரியில் வெற்றிபெறும் ஒருவருக்கு என்ன அதிகாரம் கிடைக்கும் என்பதே அடுத்த கேள்வி. மாவட்டத்தில் 2022இல் உதகமண்டலம், குன்னூர், கூடலூர், நெல்லியாளம் என நான்கு நகராட்சிகளும், 11 பேரூராட்சிகளும், 35 ஊராட்சிகளும் இருந்தன. கேத்தி, அதிகரட்டி, சோலூர் போன்ற பேரூராட்சிகளைச் சுற்றி வந்தால் கண்ணில் படுவது படுகர் ஊர்களான ஹட்டிகளும் தேயிலைச் சரிவுகளுமே; பேரூர் என்பது ஏட்டில்தான். 2022 பிப்ரவரித் தேர்தலில் உதகையில் 36 வார்டுகள், குன்னூரில் 30. வெலிங்டன் பாளையத்துக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. அது ராணுவப் பாளைய வாரியத்தின் கீழ் வருகிறது. அதன் தலைவர் படை அதிகாரி.

இந்த மலையில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது பச்சைத் தேயிலை விலை. குன்னூர் ஏலத்தோடும் மத்திய அரசின் தேயிலை வாரியத்தோடும் தொடர்புடைய அந்த விலையில் கவுன்சிலருக்குக் கையில்லை. வீடு கட்ட அனுமதி என்றால் 1990இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையமும், 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது என்னும் மாஸ்டர் பிளானும் குறுக்கே நிற்கும். எஸ்டேட் லயன் வீடுகளின் குடிநீரையும் கழிப்பறையையும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. தனியார் நிலத்தில் ஊராட்சிப் பணம் செலவழிக்க முடியாது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்யும், தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களிலும் இதே சிக்கல்தான். கூடலூரில், ஜன்மம் என்னும் பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களுக்குப் பட்டா இல்லை. பல வீடுகளுக்கு மின் இணைப்பே பெரும் போராட்டமாக இருந்தது. 2024 மே மாதம் முதல் சுற்றுலா வாகனங்களுக்கு வந்த இ-பாஸ் முறையும் உள்ளாட்சி மன்றத்தின் முடிவல்ல, சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவு.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு பழங்குடியினர் வாழும் மாவட்டம் இது. ஆயினும் தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிக் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுப் பெசா சட்டம் இங்கே செல்லாது. கொள்கை படித்தவர் ஒருவர் செய்யக்கூடிய வேலை இங்கே நிறைய உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி மன்றத்துக்கு வெளியே, கோட்டையிலும் நீதிமன்றத்திலும் வாதாடும் வேலை. மன்றத்துக்குள் மிஞ்சுவது குடிநீர், குப்பை, தெருவிளக்கு, மார்க்கெட் கடை வாடகை ஆகியவையே. இவற்றைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர் இந்தப் பதவிக்கு ஏற்றவர் அல்லர்.

போட்டியிட விரும்பும் பேராசிரியருக்கான நடைமுறை எளிது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். பெயர் அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். ஆகவே சமவெளியில் ஓட்டு வைத்துக்கொண்டு ஊட்டியில் பாடம் நடத்துபவர் முதலில் முகவரியை மாற்ற வேண்டும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி சாராத கல்வியாளருக்கு ஏற்ற வாசல் அதுவே. நகராட்சியில் கட்சிச் சின்னம் உண்டு. தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பதால் தனியாக வென்றவர் தலைவராவது அரிது. நீலகிரி உட்பட 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அரசுப் பணியில் இருப்பவர் வேட்புமனு தாக்கல் செய்வதற்கு முன்பே பணியிலிருந்து முறைப்படி விடுபட்டிருக்க வேண்டும்.