கருவிலிருக்கும் உயிரும் கரையிலிருக்கும் தாயும்



பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் குப்பம் ஒன்றில் மாதந்தோறும் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் வந்தபோது, சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, கருக்கலைப்பு விஷயத்துல நாம எந்தப் பக்கம்? அமெரிக்கப் போதகர்கள் பேசுறதைக் கேட்டா ரெண்டே பக்கம்தான் இருக்குன்னு தோணுது." நான் வாய் திறக்குமுன், சுவரோரம் காலை நீட்டி அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி முந்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கம் வருமுன் அந்தக் குப்பத்தில் பல பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர் அவர். "பக்கம் கெடக்கட்டும் தம்பி. பொறக்குற புள்ளைய யாரு வளர்க்கிறதுன்னு ஐயாவச் சொல்லச் சொல்லு."

அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாயில்லை. ஆகவே இந்த வாரம், நமக்கு முன்னிருந்த விசுவாசிகள் இக்கேள்வியை எப்படிச் சந்தித்தார்கள் என்று வரலாற்றின் வழியே பார்ப்போம்.

கருவிலிருக்கும் உயிரைத் தேவன் அறிந்திருக்கிறார் என்பதற்கு 139ஆம் சங்கீதமும் எரேமியாவின் அழைப்பும் நமக்குப் போதும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேதம் இப்பொருளைச் சட்டமாகத் தொடும் ஒரே இடம் யாத்திராகமம் 21ஆம் அதிகாரம். மனிதர் சண்டையிடும்போது கர்ப்பவதி ஒருத்தி அடிபட்டால் என்ன தண்டனை என்பது அங்கே பேசப்படுகிறது. எபிரெய மூலத்தில் 'சேதம்' என்பது யாருக்கு நேர்ந்த சேதம் என்பது தெளிவாயில்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைத் தாயின் சேதமாகக் கொள்கிறது. கிறிஸ்துவுக்கு முன்னரே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்போ கருவைப் பற்றியே பேசுவதாகக் கொண்டு, உருவம் பெற்ற கரு, பெறாத கரு என்று பிரிக்கிறது. ஆதித் திருச்சபையில் பெரும்பாலோர் கையிலிருந்தது கிரேக்க வேதம். பின்வந்த நூற்றாண்டுகளின் வாதங்களில் பாதி இந்த ஒரு வசனத்தின் இரண்டு வாசிப்புகளிலிருந்து முளைத்தவை.

அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறைகளின் நிலையில் இந்தக் குழப்பம் இல்லை. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த 'திதாக்கே' என்னும் போதனை நூல் கருவை அழிப்பதையும் பிறந்த சிசுவைக் கொல்வதையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. அது எழுந்த உலகம் எப்படிப்பட்டது என்பதற்கு எகிப்தின் மணலில் கிடைத்த ஒரு கடிதம் சாட்சி. கி.மு. 1ஆம் ஆண்டில், வேலைக்காக அலெக்சாந்திரியாவுக்குப் போன இலாரியோன் என்பவன் கர்ப்பவதியான மனைவி ஆலிசுக்கு எழுதியது அது. அன்பான கடிதம்தான். கவலைப்படாதே, கூலி வந்ததும் அனுப்புகிறேன் என்கிறான். இடையில், பிறப்பது ஆணாயிருந்தால் வைத்துக்கொள், பெண்ணாயிருந்தால் எறிந்துவிடு என்றும் அதே தொனியில் எழுதுகிறான். அவன் கொடியவன் அல்லன். அவன் ஊரில் அது வழக்கம். குப்பைமேட்டில் விடப்பட்ட அப்படிப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தவர்கள் என்ற பெயர் கிறிஸ்தவர்களுக்கு வந்தது. அரசாங்கத்தில் அவர்களுக்கு அதிகாரம் இல்லாத காலம் அது.

அதிகாரம் வந்த பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். கி.பி. 314இல், உபத்திரவம் ஓய்ந்த மறு ஆண்டு, இன்றைய துருக்கியின் அங்காராவாகிய அங்கிராவில் சபைத் தலைவர்கள் கூடினார்கள். விபசாரத்தில் கருவுற்று அக்கருவை அழித்த பெண்களை மரணவேளைவரை திருவிருந்துக்குச் சேர்க்கலாகாது என்பது அதற்கு முன்னிருந்த விதி. அதை அவர்கள் பத்தாண்டுகளாகக் குறைத்தார்கள். பாவம் பாவமல்ல என்று அவர்கள் சொல்லவில்லை. திரும்பி வர ஒரு வாசலைத் திறந்தார்கள்.

இந்த வரலாற்றில் என் மனம் அதிகம் தங்குவது செசரியாவின் பேராயர் பசிலியுவிடம். கி.பி. 370களில் எழுதிய கடிதம் ஒன்றில், உருவம் பெற்றதா பெறாததா என்ற நுண்ணிய ஆராய்ச்சி நமக்கு வேண்டாம் என்று அவர் தள்ளிவிடுகிறார். கருவை அழிப்பது கொலையே என்கிறார். அந்தச் செயலில் தாயின் உயிரும் ஆபத்துக்குள்ளாகிறது என்று சேர்த்துச் சொல்கிறார். தண்டனையோ பத்தாண்டுகள், அதிலும் காலத்தைக் காட்டிலும் மனந்திரும்புதலின் தன்மையையே பார்க்கச் சொல்கிறார். இவ்வளவு மட்டும் மேற்கோள் காட்டுவோர் உண்டு. அதே பசிலியு, தானியக் களஞ்சியங்களை நிரப்பி வைத்த செல்வர் முன் பிரசங்கித்தபோது, பசியால் தன் பிள்ளையை விற்கச் சந்தைக்கு வரும் தகப்பனைக் காட்டினார். எந்தப் பிள்ளையை விற்பது என்று அவன் தவிப்பதையும், வாங்குபவன் அப்போதும் விலைபேசுவதையும் விவரித்தார். பின்னர் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றையும் எழுப்பினார். கருவைக் குறித்து அவ்வளவு கண்டிப்பாகப் பேச அவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த இல்லத்தைத்தான் காட்டுவேன்.

பிள்ளையை விற்ற தகப்பன் என்றதும் நான் மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்துவிடுகிறேன். ஒல்லாந்தர் இங்கே 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்க வந்தவர்கள் பஞ்சம் வந்தபோது மனிதரையும் வாங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச ஆண்டுகளில், உண்ண வழியற்றவர்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாய்ப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பழவேற்காடு அந்த வணிகத்தின் முக்கியத் துறைமுகம். கோட்டைக்குப் போதகரும் இருந்தார். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே ஊழியம் செய்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் அவர் இறந்த பின் 1651இல் லெய்டனில் வெளிவந்து ஐரோப்பாவில் புகழ்பெற்றது. பொறுமையுள்ள, கூர்ந்து கவனிக்கும் மனிதர். அவர் மேல் கல்லெறிய எனக்கு மனமில்லை. ஆனாலும் கோட்டையின் பிரசங்கபீடமும் கப்பலேற்றும் துறையும் எவ்வளவு அருகருகே இருந்தன என்று அந்தக் கரையில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கிறிஸ்தவர்களிடம் கருக்கலைப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் குறையில்லாத விடையே வந்திருக்கும்.

நம் நாட்டின் சட்டத்திற்கு வருவோம். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் ஒன்றைத் தவிர எல்லாக் கருச்சிதைவையும் குற்றமாக்கியது. தானே தன் கருவைக் கலைக்கும் பெண்ணையும் அது விடவில்லை. (இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவாக நிற்கிறது.) தடை இருந்தும் கருக்கலைப்பு ஒழியவில்லை; கைதேராதவர்களிடம் போய்ப் பெண்கள் இறந்தார்கள். இதை ஆராய 1964இல் அமைந்த சாந்திலால் ஷா குழு 1966இல் அறிக்கை தந்தது. அதன் வழியாக 1971 ஆகஸ்டில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. மக்கள்தொகை பற்றிய அச்சமும் அதன் பின்னணியில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அந்தத் தம்பிக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதே 1971ஆம் ஆண்டு ஜூனில், செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய அமெரிக்கத் தென் பாப்திஸ்து மாநாடு, பலாத்காரம், கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல், மன நலத்திற்குக் கேடு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று தீர்மானித்தது! 1973இல் ரோ வழக்கின் தீர்ப்பு வந்தது. அதற்குப் பின், 1980க்குள், அதே மாநாடு எதிர்நிலைக்கு நகர்ந்துவிட்டது. ஆதிமுதல் மாறாதது என்று இணையத்தில் நாம் கேட்கும் இரண்டு அணிகளும் இன்றைய வடிவத்தில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவை. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்தது. மூன்று மாதங்களில், செப்டம்பர் 29 அன்று, நம் உச்ச நீதிமன்றம் 24 வாரம் வரையிலான அனுமதியில் மணமாகாத பெண்ணை விலக்கக் கூடாது என்றது. அவர்களுடைய சண்டையை அப்படியே இறக்குமதி செய்தால் நம் வீட்டில் நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நம் வீட்டில் நடந்தது இலாரியோனின் கடிதம். 1986இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலைகளை 'இந்தியா டுடே' வெளிக்கொணர்ந்தபோது நாடு அதிர்ந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண்குழந்தைகளுக்கு 948 பெண்குழந்தைகள் இருந்தார்கள். சேலம் மாவட்டத்தில் 849 பேரே. இதற்குள் ஸ்கேன் கருவி வந்து, கள்ளிப்பாலின் வேலையைக் கருவிலேயே முடிக்க வழி செய்தது. பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்த பின்னும், 2001இல் மாநில எண்ணிக்கை 942ஆகக் குறைந்தது. இங்கே பெண்ணின் விருப்பம் என்று பேசுகிறவரும் கருவின் உயிர் என்று பேசுகிறவரும் ஒருசேரத் தடுமாறுகிறார்கள். மாமியாரும் கணவனும் வரதட்சணையும் கூடி எடுத்த முடிவைப் பெண்ணின் விருப்பம் என்று எப்படிச் சொல்வது? கொல்லப்படுவது பெண் என்பதாலேயே கொல்லப்படும்போது உயிர் என்ற ஒரு சொல் எப்படிப் போதும்?

ஏரிக்கரைக் குப்பங்களில் பெண்சிசுக்கள் கொல்லப்பட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கில், பங்கு தலைக்கட்டு ஆண்களுக்கே உரியது. மகன் பிறந்தால் ஏரியில் ஒரு பங்கு; மகள் பிறந்தால் நகைக்கும் சீருக்கும் கடன். கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறவள் பெண்ணே என்றாலும் தண்ணீரில் அவளுக்குப் பங்கில்லை. மூன்றாவதும் பெண்ணாயிருக்குமோ என்று அஞ்சுகிற தாயின் அச்சம் அவள் உள்ளத்தில் தானாக முளைத்ததன்று.

இனி என் காரியம். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், வேறோர் ஊரில், இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு சகோதரி என்னிடம் வந்தாள். மறுபடி கருவுற்றிருந்தாள். கணவன் குடிகாரன். கலைப்பது பாவமா என்று கேட்டாள். நான் 139ஆம் சங்கீதத்தைத் திறந்து வாசித்தேன், ஜெபித்தேன், அனுப்பினேன். வாசித்ததில் பிழையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அவள் கணவனைப் போய்ப் பார்க்கவுமில்லை. அடுத்த ஞாயிறு அவள் ஆராதனைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. என்ன முடிவெடுத்தாள் என்று விசாரிக்கும் துணிவு எனக்கு வரவில்லை. பசிலியுவை நான் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

சென்ற சனிக்கிழமை மறுபடி குப்பத்துக்குப் போனேன். தம்பி சென்னையில் இருந்தார். ஆயா மட்டும் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். அங்கிராவில் கூடியவர்கள் ஆயுள் தண்டனையைப் பத்தாண்டாக்கிய கதையை அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பத்து வருசமும் அவளோட சேந்தவன் எங்க நின்னான், ஐயா?" என்றார்.

அவனைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை என்றேன்.

"இருக்காதே" என்று சிரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மூன்றாவது வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாதம் என்றும், இரண்டும் பெண் என்பதால் இம்முறை பரிசோதனைக்குக்கூட அழைத்துப்போக வீட்டில் ஆளில்லை என்றும் சொன்னார். பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போக வண்டி கிடைக்குமா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குச் சபையின் வேன் குப்பத்து முனையில் நிற்கும். ஆயாவும் கூட வருகிறார்.